மூணாவது பேக்கு

டெலிவிஷனில் கால்பந்து போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோட்டும் டையுமாக இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, பச்சைத் திரையில் வட்டங்களை நகர்த்தி நகர்த்தி, நாலு-மூணு-மூணு, நாலு-நாலு-ரெண்டு என்று பாடம் நடத்துவார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எனக்கு ஆட்டம் புரியவில்லை என்று வீட்டில் நினைக்கிறார்கள். புரிந்துதானய்யா குமட்டுகிறது. நானும் பேக் ஆடியவன்தான், அதுவும் ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை.

அறுபதுகளில் எங்கள் பக்கம் எல்லோரும் ஆடியது ஒரே ஆட்டம். கோலி ஒருவன். அவனுக்கு முன்னால் பேக் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் ஹாஃப் மூன்று பேர், அதற்கும் முன்னால் கோல் போடுகிற ஃபார்வர்ட் ஐந்து பேர். அந்த ஐந்தில் ஓரமாக ஓடுகிறவன் 'அவுட்', உள்பக்கம் ஆடுகிறவன் 'இன்', நட்ட நடுவில் சென்டர். "நீ இன்னா ஆடற?" என்று கேட்டால் ஃபார்வர்ட் ஆடுகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்வான். பேக் ஆடுகிறவன் பேச்சை மாற்றுவான்.

காரணம் வேறொன்றுமில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் 'பேக்கு' என்றால் மண்டையில் ஒன்றும் இல்லாதவன். பின்னால் நிற்கிறவனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் எங்கள் ஊர் வசவோடு போய் ஒட்டிக்கொண்டது. நான் ரைட் பேக். நான் பந்தைத் தொட்டாலும் சிரிப்பு, விட்டாலும் சிரிப்பு. "பெத்தவங்க ஒரு பேக்க பெத்துட்டு, அத்த பேக்காவே ஆட வுட்டாங்கடா" என்று கோட்டுக்கு வெளியே நிற்கிற கும்பலில் யாராவது ஒருவன் ஒவ்வொரு மேட்ச்சிலும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வான். முதல் வருஷம் நானும் சிரித்தேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டெம்ப்ரவரி. பாய்லர் சாம்பல் அள்ளுகிற வேலை. என் தோஸ்து ஒருவனும் அங்கேயே டெம்ப்ரவரிதான், டிரம் கழுவுகிற இடத்தில். இரண்டு பேரும் ராயபுரத்தில் ஒரே கோயில் தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கம்பெனி டீமில் நான் ரைட் பேக், அவன் சென்டர் ஹாஃப்.

பழைய ஆட்டத்தில் சென்டர் ஹாஃப்தான் ராஜா. முன்னால் ஐந்து பேர், பின்னால் இரண்டு பேர், எல்லோருக்கும் நடுவில் அவன். பின்னால் வந்து பந்தைப் பிடுங்குவான், அதே மூச்சில் முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பான். என் தோஸ்து அப்படி ஆடுவான். அவன் பந்தோடு திரும்புகிற திருப்பத்தைப் பார்ப்பதற்கென்றே காசிமேட்டிலிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள். அவனை யாரும் பேக்கு என்று சொன்னது கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் நான்தான் பேமானி.

டெம்ப்ரவரி என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். தொடர்ந்து இத்தனை நாள் வேலை செய்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் "போய்ட்டு அப்புறம் வா" என்று நிறுத்திவிடுவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். பிரேக்கில் இருக்கிறவன் மத்தியானம் தெருவில் லுங்கியோடு நிற்பான், எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுபடி சேர்த்துக்கொள்வார்கள், மறுபடி நிறுத்துவார்கள். எச்சில் இலையைப் போட்டுப் போட்டு எடுக்கிற பிழைப்பு. என் தோஸ்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது பிரேக்கின்போது பெண்சாதி காத்திவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. "பர்மனென்ட் ஆன்னப்புறம் வந்து இட்டுகினு போ" என்று மாமனார் சொல்லிவிட்டார். வலையை உதறிக்கொண்டே சொன்னாராம், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

டீமில் மற்ற ஒன்பது பேரும் ஏற்கெனவே பர்மனென்ட். நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. அந்த சீசன் தொடக்கத்தில் புது வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். சீசன் முடிந்ததும் விளையாட்டுக் கணக்கில் ஒரே ஒரு இடம் பர்மனென்ட் ஆகும், இரண்டு பேரில் ஒருத்தனுக்கு என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஏதோ நாய்களுக்கு முன்னால் ஒரு எலும்பை ஆட்டுகிற மாதிரி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார். வெளியே வந்ததும் தோஸ்து என் தோளில் கை போட்டான். "யாருக்கு வந்தா இன்னா மாமு. ஒருத்தன் உள்ள பூந்துட்டா இன்னொருத்தன அப்பால இஸ்துக்கலாம்." நானும் அதேதான் என்றேன்.

ஆபீசர் காலில் பந்து பட்டுப் பார்த்ததில்லை நான். ஆனால் புத்தகம் படித்திருந்தார். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பதினோரு பேரையும் கேன்டீனில் உட்காரவைத்து, குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ்களை எடுத்து மேஜையில் அடுக்க ஆரம்பித்தார். அடியில் கொஞ்சம் டீ, மேலே காய்ந்த ஆடை, அதில் ஈ. ஒவ்வொரு கிளாஸும் எங்களில் ஒருத்தன். ரைட் பேக் கிளாஸில் ஒரு பீடித்துண்டு மிதந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தக் கிளாஸ் என் கண் முன்னாலேயே நிற்கிறது.

"உலகத்துல எவனும் இப்ப ரெண்டு பேக் வெச்சு ஆடறதில்லை" என்றார். நடுவில் இருந்த சென்டர் ஹாஃப் கிளாஸை எடுத்து, கோலிக்கு முன்னால் இரண்டு பேக்குக்கும் நடுவில் வைத்தார். ஈ பறந்து மறுபடி அதிலேயே வந்து உட்கார்ந்தது. "இவன் இனிமே மூணாவது பேக். ரெண்டு பேக்கும் ஓரத்துக்குப் போய் அவங்க அவுட் ஆளுங்களைப் பிடிக்கணும். இவன் நடுவுல நின்னு அவங்க சென்டரைப் பிடிக்கணும். மேன் டு மேன். அவன் எங்க போறானோ அங்க நீ போகணும். தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போகணும். புரியுதா?"

திட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்தால் நல்ல திட்டம்தான், அதைத்தான் அப்புறம் ஊரே ஆடியது. அவர் அதைச் சொன்ன விதம்தான் கலீஜ். ஒருத்தனுக்கும் ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. கிளாஸை எடுத்தார், வைத்தார், கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

என் தோஸ்து எழுந்து நின்று கேட்டான். "சார், அவன் வேணும்னே ஓரமா இஸ்துகினு போனா, நடுவுல காலியா கெடக்குமே சார்?"

அந்த ஒரு கேள்வியில் மொத்த ஆட்டமும் இருந்தது. ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு சட்டம் போட்டார். மூணாவது பேக் தன் ஆளை விட்டு வரவேண்டுமானால் ரைட் பேக் கூப்பிட வேண்டும். ரைட் பேக் 'வுடு' என்று கத்தினால் மட்டும் அவன் ஆளை விடலாம். கத்தி அது தப்பாகப் போனால் பழி ரைட் பேக்குக்கு. கத்தாமல் அவனாக விட்டுவந்தால் பழி அவனுக்கு. "சிஸ்டத்துக்கு அடங்கறவனுக்குத்தான் கம்பெனியில இடம்" என்று முடித்தார். மேஜையைத் துடைக்கிற ஆள் வந்து பதினோரு பேரையும் ஒரே கையால் அள்ளிக்கொண்டு போனான்.

அன்றைக்கு சாயந்திரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில், கோயில் வாசலில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் அவனை "இன்னா நைனா, மூணாவது பேக்கு?" என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான், காது மட்டும் சிவந்திருக்கும். எனக்குள்ளே ஒரு குளுகுளுப்பு. இத்தனை வருஷம் நான் மட்டும் வாங்கியதை இப்போது அவனும் வாங்குகிறான் என்று. த்தூ, என்ன மனசு.

அவன் அந்த இடத்தையும் கற்றுக்கொண்டான். நான்கைந்து மேட்ச்சில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆளைப் பிடிக்கிறவனுக்கு முதுகுப்பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஓரத்தில் நிற்கிற பேக்குக்குத்தான் முழு கிரவுண்டும் தெரியும். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான், என் குரலை நம்பி ஓடுவான். 'வுடு' என்று நான் கத்திய அடுத்த நொடி நடுவில் வந்து நிற்பான். ஒரு தடவைகூட ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டதில்லை. நாங்கள் வரிசையாக ஜெயித்தோம். ஆபீசர் தன் புத்தகத்தால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசி மேட்ச் பெரம்பூர் பக்கத்து டீமோடு. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் குட்டையான, கால் கொஞ்சம் வளைந்த ஆள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பெரம்பூருக்குப் போய் அவன் ஆடுவதைப் பார்த்திருந்தேன். அன்றைக்கு இரண்டு கோல் போட்டான். தோஸ்து வரவில்லை. பெண்சாதியைப் பார்க்கக் காத்திவாக்கம் போயிருந்தான்.

மேட்ச் அன்றைக்குக் கடல் காற்றே இல்லை. கிரவுண்ட் என்பது சாம்பல் கொட்டி மேடாக்கிய இடம், கிளிஞ்சல் துண்டுகள் வேறு. பக்கத்துக் கால்வாயில் கம்பெனி விடுகிற தண்ணீர் மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருக்கும். தோல் பந்து உப்புக் காற்றில் விறைத்துவிடும் என்று புளியந்தோப்பிலிருந்து மாட்டுக் கொழுப்பு வாங்கிவந்து தேய்த்து வைத்திருப்போம். தலையால் ஒரு முட்டு முட்டினால் நெற்றியெல்லாம் அந்தப் பிசுக்கு. சோப்பு போட்டாலும் போகாது, ராத்திரி சோற்றிலும் அதே நாற்றம் அடிக்கும்.

டீம்கள் வரிசையாக நின்றபோதே நான் பார்த்துவிட்டேன். சென்டர் ஃபார்வர்ட் போடுகிற ஒன்பதாம் நம்பர் பனியனை ஒரு நெட்டையன் போட்டிருந்தான். போன வாரம் அவன் ஹாஃப் ஆடியவன், ஓட்டமே வராதவன். அந்தக் குட்டைக்காரன் ஆறாம் நம்பரில் நின்றுகொண்டிருந்தான். பனியனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் டீம் நம்பரைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆபீசர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தால் தெரியாமல் என்ன செய்யும்.

அதே சமயம் ஆபீசர் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி என் தோஸ்தைப் பார்த்து ஒன்பது விரலைக் காட்டினார். அவன் தலையாட்டினான்.

நெட்டையன் பந்து பக்கமே போகவில்லை. ஓரமாக நடந்தான். இவனும் ஓரமாக நடந்தான். நெட்டையன் தன் கோல் பக்கம் போய் நின்றான், இவனும் போய் நின்றான். ஒரு சமயம் நெட்டையன் கோட்டுப் பக்கம் வந்து ஆள் நீட்டிய சொம்பில் தண்ணீர் குடித்தான். என் தோஸ்து இரண்டடி தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. "மூணாவது பேக்கு, நீயும் ஒரு வாய் குட்ச்சிட்டு போ" என்றான் ஒருவன். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. திட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

நடுவில் திறந்த வீடு. குட்டைக்காரன் உள்ளே நுழைந்து முதல் கோலைப் போட்டான்.

நான் கத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. வந்ததை அங்கேயே நிறுத்திக்கொண்டு யோசித்தேன், அதுதான் அசிங்கம். ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் நின்று கணக்குப் போட்டேன். கத்தினால் அவன் வருவான், வந்தால் குட்டைக்காரனை ஊதித் தள்ளிவிடுவான், பேர் அவனுக்கு, பர்மனென்ட் அவனுக்கு. கத்தி ஏதாவது தப்பாகப் போனால் பழி எனக்கு. கத்தாவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. நான் என் இடத்தில்தானே நிற்கிறேன், என் அவுட் ஆளைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். சிஸ்டத்துக்கு என்னைவிட அடங்கினவன் யார்?

இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டே அவன் என்னிடம் வந்தான். வேர்வைகூட இல்லை அவன் மேல். "இன்னா மாமு, அந்தாளு ஆட்டமே ஆட மாட்றான். சும்மா சுத்திகினு கீறான். நான் அவன வுட்டுட்டு உள்ள வந்துடட்டா?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டான். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"ஆபீசர் பாத்துகினு கீறாரு" என்றேன். "சொன்னத செய்."

"நீ கூப்டு, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு கோல். மூன்று கோலின்போதும் என் தோஸ்து கிரவுண்டின் அந்தக் கோடியில், ஒரு உதவாக்கரைக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது கோல் விழுந்தபோது மட்டும் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. தெரியாமல் போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆபீசர் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார். மூன்று கோல் நடுவிலே போகிறது, நடு ஆள் எங்கே போனான், மூளை இருக்கிறதா என்று கேட்டார். அவன், "நீங்க சொன்ன நம்பரத்தான் சார் புட்ச்சேன்" என்றான். "சொன்னா? சொந்த புத்தி வேணாமா?" என்றார் அந்தப் பெரிய மனுஷர். சொந்த புத்தியைக் காட்டக் கூடாது என்று கேன்டீனில் சட்டம் போட்ட அதே வாயால். அதற்குள் யாரோ பனியன் விஷயத்தை அவர் காதில் போட்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பி, "நீ பார்த்தியா, அவங்க பனியனை மாத்திட்டு வந்தது?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

பத்து நாளில் லெட்டர் வந்தது. என் பெயரில். அவனுக்கு அதே வாரம் பிரேக். அந்தத் தடவை பிரேக் முடிந்தும் கூப்பிடவில்லை, அப்புறம் எப்போதும் கூப்பிடவில்லை. உள்ளே இருந்த நான் அவனை இழுத்துப் போட வாய் திறந்தேனா என்று கேட்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவன் ஆபீசரிடம் போய்ப் பேசினால் நன்றாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த லெட்டரை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிச் சோற்றை ரிட்டையர் ஆகும் வரைக்கும் தின்றேன்.

ஒரு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், அவன் என் வீட்டுக்கு வந்தான். மாமனார் வீட்டோடு போய்விட்டானாம். காலையில் கழிமுகத்துத் தண்ணீரில் இறங்கி இறால் பிடிக்கிறானாம். விரலெல்லாம் வெள்ளையாக ஊறி, நகத்தோரம் வெடித்திருந்தது. எனக்காகத் தாமரை இலையில் கொஞ்சம் இறால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே வா, குந்து என்று சொன்னேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"அந்த நெட்டையன் டூப்புன்னு பத்து நிமிசத்துலயே எனக்கு தெரிஞ்சுபூட்ச்சி மாமு" என்றான். குரலில் கோபமே இல்லை. "உனக்கும் தெரியும்னு தெரியும். அதான் வந்து கேட்டேன். நீ கூப்டுவேன்னு பாத்துகினே இருந்தேன்."

அப்போதே செத்துப்போயிருக்கலாம்.

அவன் என் கையைப் பிடித்தான், ஊறிப்போன அந்தக் கையால். "அத்த நெனச்சிகினு கெடக்காத. உன் எடத்துல நானா இருந்தாலும் அத்ததான் செஞ்சிருப்பேன்."

பொய். எனக்காகச் சொன்ன பொய். முந்தின சீசனில் ஒரு மேட்ச்சில் நான் விட்ட ஆள் கோல் போட்டபோது, ஆபீசராக இருந்த பழைய ஆளிடம் அவனாகவே போய் "என்னால பூட்ச்சி சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேட்ச்சில் வெளியே உட்கார்ந்தவன் அவன். அவன் செய்திருக்கவே மாட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.

"ஆமா மாமு" என்றேன்.